எந்தச் சாமி கும்பிடறீங்க?

செப்டம்பர் 22, திங்கள்

கோளாறு என் வயிற்றில்தான். மாமனார் சொல்லிவிட்டார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்கும்படி, போனில் யாரிடமோ: "நம்ம பக்கத்துல மூணு தலமொறையா இப்பிடி ஒண்ணு கெடையாதுப்பா. பொண்ணெடுத்த எடம் சரியில்ல."

என் மகன் மிதுனுக்கு நான்கு வயது. ரத்தப் புற்றுநோய் என்று இன்று காலை உறுதியாகிவிட்டது. கால் முழுக்க நீலம் நீலமாக இருந்ததை, ஸ்கூலில் விழுந்து வாரியிருப்பான் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். குரோமோசோம் நாற்பத்தாறு, பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறேன். மாமாவிடம் தண்ணீர் வாங்கப் போகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

குழந்தைகள் வார்டில் தனியறை கிடையாது. எட்டுக் கட்டில். தோல் உரித்துச் சாப்பிடும் பழம் மட்டும் தரலாம். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கையை முழங்கை வரை கழுவ வேண்டும். கழுவிக் கழுவி என் கை வெளுத்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் ரித்திகா. அவளுக்கும் நாலு வயது, அதே நோய், வந்ததும் அதே திங்கட்கிழமை. அவள் அம்மா மேகலா தானாகப் பேச வந்தாள்.

"அக்கா, இன்னிக்கு முதுகெலும்பு ஊசிங்களா? எங்களுக்குந்தான். ஒண்ணாப் போயிரலாமுங்க. பசங்களுக்குத் தொணையாட்ட இருக்கும்."

அவள் வீட்டுக்காரர் வெள்ளிங்கிரி பெயின்டர். நகக்கண்ணில் பச்சைப் பெயின்ட் போகவே இல்லை. அதைப் பார்த்து மிதுன், "அங்கிள், நீங்க ஹல்க்கா?" என்று கேட்டான். "ஆமாஞ் சாமி, கோவம் வந்தா மேல வரைக்கும் பச்சையாயிரும்," என்றார் அவர். ரெண்டு குழந்தைகளும் சிரித்தன. இந்த வார்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

நான் கேட்டேன்: "எந்த ஊருங்க?"

"பல்லடம் பக்கமுங்க."

"ஊருக்குள்ளயா?"

மேகலா என்னை நேராகப் பார்த்தாள். "காலனிங்க்கா."

"ஓ," என்றேன்.

பிறகு அவள் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து மிதுனுக்கு வெந்நீர் ஊற்ற வந்தாள். வேண்டாம், தொற்று வந்துவிடும் என்றேன். வெந்நீரில் என்ன தொற்று வரும்? அறிவியல் டீச்சர்.

அக்டோபர் 1, புதன்

கொழுந்தன் சபரி வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்திருக்கிறான். "மிதுனுக்காக". எங்கள் ஜாதிச் சங்கத்துப் பசங்க தொண்ணூறு பேர். மருந்து ஏற ஏற, ரத்தம் உறையவைக்கும் பிளேட்லெட் குறைந்துகொண்டே போகும். குறைந்தால் யாராவது வந்து மெஷினில் ஒரு மணி நேரம் படுத்துத் தர வேண்டும். அதே ரத்தப் பிரிவாக இருக்க வேண்டும். மிதுனுக்கு பி பாசிட்டிவ்.

பசங்க காரில் வந்து இறங்குகிறார்கள். வெள்ளைச் சட்டை. கையில் பஞ்சு ஒட்டியபடி செல்பி. எனக்குக் கண் நிறைந்து போனது. யார் வருவார்கள் இப்படி?

மாமா ரத்த வங்கியில் போய்க் கேட்டாராம்: "எங்க பசங்க குடுக்கறது எங்க பேரனுக்குத்தான ஏத்துவீங்க? வேற எதையும் கலந்துற மாட்டீங்களே?" அங்கிருந்த பெண், "பால் சொசைட்டி இல்லைங்க ஐயா, கலக்கறதுக்கு," என்றிருக்கிறாள். மாமாவுக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

குரோமோசோம் ரிசல்ட் வந்தது.

டாக்டர் பெனிட்டா என்னையும் என் வீட்டுக்காரர் பூபதியையும் உட்காரவைத்துச் சொன்னார். "நோய் வந்த அணுவுல குரோமோசோம் எப்படி மாறியிருக்குன்னு பார்ப்போம். அதை வச்சுத்தான் மருந்து எவ்வளவு பலமாக் கொடுக்கணும்னு முடிவு பண்றது. உங்க பையனுக்கு நாப்பத்தாறுக்குப் பதிலா அம்பத்தஞ்சு இருக்கு. அதிகமா இருக்கறது இந்த நோயில நல்ல சேதி. இந்த வகை மருந்துக்குச் சீக்கிரம் அடங்கும். பத்துல ஒம்பது புள்ளைங்க பொழச்சுக்கறாங்க."

"இது எங்க ரெண்டு பேர்ல யார்கிட்ட இருந்து..." என்று ஆரம்பித்தேன்.

"யார்கிட்ட இருந்தும் இல்ல. பொறக்கறப்ப சரியாத்தான் பொறந்தான். பின்னால ஒரு அணுவுல நடந்த தப்பு. உங்க வயித்துலயும் இல்ல, இவர் வம்சத்துலயும் இல்ல. வீட்ல யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பூபதி தலையாட்டினார். வீட்டில் சொல்வாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு அடுத்து மேகலா உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ரித்திகாவின் கவுனை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இருவத்தெட்டுத்தான் இருக்குதாமுங்க. பாதியக் காணமாம். கம்மியா இருந்தா நோய் அடங்காதாம், இன்னும் கடுசான மருந்து போடோணுமாம்." பிறகு சிரித்தாள். "எங்களுக்கு எல்லாமே கம்மிதானுங்க்கா. இதுலயுமா?"

நானும் சிரித்தேன். 

"கம்மியா இருந்தா நோய்க்குத்தானுங்க பலம் கொறையோணும்? ஏனுங்க்கா, நீங்க டீச்சர்தான?"

 பரீட்சைக்கு வராத கேள்வி.

சாயங்காலம் மிதுனுக்கு இட்லி ஊட்டும்போது என் வாய் ஏதோ ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மேகலா திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கே கேட்டது.

அக்டோபர் 11, சனி

மாமா போனில்: "சபரி சொன்னான். நல்ல ஜாதிக் குரோமோசோமாமா? இருக்காதா பின்ன? நம்ம ரத்தம். ஒரு வித்து கூட வெளிய கலக்காம காப்பாத்தி வெச்சிருக்கோம்."

நோய் வந்தது என் வயிற்றால். பிழைப்பது அவர் ரத்தத்தால்.

"ஆமாங்க மாமா," என்றேன்.

அக்டோபர் 15, புதன்

மிதுனுக்கு முடி கொட்டிவிட்டது. ரித்திகாவுக்கும். தலையணை உறையை வெளியே கொண்டுபோய் உதறினேன். மேகலாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

விடியற்காலையிலிருந்தே மிதுனுக்குக் காய்ச்சல். பதினோரு மணிக்கு மூக்கில் ரத்தம் வந்தது. நிற்கவில்லை. பிளேட்லெட் ஏழாயிரம் என்றார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. ரத்த வங்கியில் இருப்பு இல்லை, ஊரெல்லாம் டெங்கு.

சபரிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. குரூப்பில் போட்டேன். இரண்டு பேர் கை கூப்பும் பொம்மை அனுப்பினார்கள். ஒருவன் எடுத்தான். "அண்ணி, தப்பா நெனைக்காதீங்க, நேத்து ராத்திரில இருந்தே எல்லாம் தண்ணியில இருக்கோம். ரத்தம் எடுக்க மாட்டாங்க அண்ணி. நாளைக்குப் பத்துப் பேர எறக்கறேன்." தொண்ணூறு பேரில் நிதானத்தில் இருந்தவன் ஒருவன்கூட இல்லை. எனக்கும் பி பாசிட்டிவ்தான். சிஸ்டர் என் கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த நரம்புக்கு மெஷின் ஊசி போகாது என்றார். பூபதிக்கு வேறு பிரிவு. அவர் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் வார்டு நடுவில் நின்று சத்தமாகக் கேட்டார்: "பி பாசிட்டிவ் ஆம்பளைங்க யாராச்சும் இருக்கீங்களா?"

"நானுங்க," என்றார் வெள்ளிங்கிரி. தீபாவளிக்கு எடுத்த புதுச் சட்டை, கையில் ரித்திகாவுக்குக் கம்பி மத்தாப்பு. கொளுத்த அல்ல, சும்மா பிடித்துக்கொள்ள.

வெறும் வயிற்றில் எடுக்க மாட்டார்கள். மாமியார் கொடுத்துவிட்ட அதிரசம் இருந்தது. டப்பாவோடு அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே மூன்று தின்றார். டெஸ்ட் எல்லாம் முடிந்து, மூன்று மணிக்கு மஞ்சளாக ஒரு பை வந்தது. நாலரைக்கு ரத்தம் நின்றது. மிதுன் கண்ணைத் திறந்து, "பட்டாசு வெடிச்சாச்சாம்மா?" என்றான்.

வெள்ளிங்கிரியை என்ன சொல்லிக் கும்பிட்டேன் என்று நினைவில்லை. "அட உடுங்க்கா, மெஷின்தான் எடுத்துச்சு, நான் சும்மா தூங்கிட்டு வந்தேன்," என்றார்.

டப்பாவை மேகலா கழுவிக் கொண்டுவந்து தந்தாள். "நீயே வெச்சுக்க," என்றேன். அவள் சந்தோஷப்பட்டதாகத்தான் நினைத்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று வெள்ளிங்கிரி முன்வருவதற்கு முன்பே பூபதி படியிலிருந்து எழுந்து போய்விட்டார். கோயிலுக்குப் போய்விட்டுப் பை ஏறும்போதுதான் வந்தார். இன்று கேட்டார்: "கடேசில யாரு குடுத்தாங்க?"

"ரத்த வங்கியில ஒண்ணு இருந்துச்சாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் என்னை மிரட்டவில்லை. வாய் தானாகச் சொன்னது.

மாமியார்: "டப்பா எங்க? மாமா பேரு வெட்டினது."

"தொலஞ்சுபோச்சுங்கத்தை."

அக்டோபர் 24, வெள்ளி

டாக்டர் பெனிட்டாவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், ஏற்றிய பிளேட்லெட் உடம்பில் எத்தனை நாள் இருக்கும் என்று. "மிஞ்சிப்போனா அஞ்சு நாள். அப்புறம் அழிஞ்சிரும். ஏன் கேட்கறீங்க?"

ஸ்கூலில் பிள்ளைகள் கேட்பார்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வெள்ளிங்கிரி கொடுத்ததில் ஒன்றும் மிச்சமிருக்காது. இதை எழுதிவிட்டு அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

அக்டோபர் 31, வெள்ளி

எலும்பு மஜ்ஜை டெஸ்ட் ரெண்டு பேருக்கும். மிதுனுக்கு நோய் அணு ஒன்றுகூட இல்லை. சொன்னபடியே அடங்கிவிட்டது. ரித்திகாவுக்கு இன்னும் இருக்கிறது. ஒரே வார்டு, ஒரே ஊசி, ஒரே மாத்திரை. மேகலா என்னைவிட அதிகம் கை கழுவினாள்.

எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், வாரம் ஒரு முறை வந்தால் போதும். ரித்திகாவுக்குத் திங்கட்கிழமையிலிருந்து பலமான மருந்து. இனி பிளேட்லெட் இன்னும் விழும், இன்னும் அடிக்கடி விழும் என்று டாக்டர் சொன்னாராம்.

கிளம்பும்போது ரித்திகா மிதுனிடம் தன் ஊசி இல்லாத சிரிஞ்சைக் கொடுத்தாள். ரெண்டு பேரும் தண்ணீர் பீய்ச்சி விளையாடியது. காரில் ஏறும்போது பூபதி அதைப் பிடுங்கி வெளியே போட்டார். "கண்டவங்க வாயில வெச்சது." மிதுன் காங்கயம் வரும்வரை அழுதான்.

நவம்பர் 17, திங்கள்

மேகலா போன் செய்தாள். இதுவரை அவளாகப் போன் செய்ததே இல்லை.

"அக்கா, பாப்பாவுக்கு மூவாயிரமுங்க. ஈறுல ரத்தம் கசியுதுங்க. ஓ பாசிட்டிவ் வேணும். எனக்கும் ஓ பாசிட்டிவ்தான், ரத்தம் எட்டுப் பாயின்ட்தான் இருக்குதுன்னு வேண்டான்னுட்டாங்க. அவருக்குச் சேராது. அவருகூட வேல செய்யறவங்க ரெண்டு பேரு வந்தாங்க, ஒருத்தருக்கு மஞ்சக்காமால வந்திருந்துச்சாம், இன்னொருத்தருக்குப் பிரிவே வேற. நேத்து எங்கியோ கேட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க, பத்தலீங்க. உங்க கொழுந்தனாரு குரூப்புல ஒரு வார்த்த போடறீங்களாக்கா?"

"இப்பவே போடறேன், மேகலா."

சபரியிடம் பேசினேன். அவன் கெட்டவன் இல்லை. மிதுனைத் தோளிலிருந்து இறக்காதவன். "ஓ பாசிட்டிவ்வா? குரூப்புல முப்பது பேரு இருப்பானுங்க அண்ணி. யாரு, நம்மாளுங்களா?"

கேள்வி எவ்வளவு சாதாரணமாக வந்தது! குடிக்கத் தண்ணி வேணுமா என்று கேட்பதுபோல.

"ஆமா," என்றேன்.

மேகலாவைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். ஊர் கேட்டால் தாராபுரம் பக்கம் என்று ஒரு ஊரைச் சொல்லு. காலனி என்று சொல்லாதே, தோட்டத்தில் குடியிருக்கிறோம் என்று சொல்லு. என் ஸ்கூலில் வேலை பார்த்தாய் என்று சொல்லு. பரீட்சைக்கு முதல் நாள் முக்கியமான கேள்விகள் சொல்லித் தருகிற மாதிரி.

'தாராபுரம்' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"பொய் சொல்லோணுமுங்களா?"

"பாப்பாவுக்காக, மேகலா."

"உங்க பையனுக்குக் குடுக்கறப்ப நாங்க அப்பிடி ஒண்ணும் கேக்கலீங்களே அக்கா," என்றாள். பிறகு, "சரிங்க. அவருகிட்டச் சொல்லறேன்."

நவம்பர் 18, செவ்வாய்

பசங்க ரெண்டு பேர் போனார்கள். சாயங்காலம் வெள்ளிங்கிரி போன் செய்து நடந்ததைச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, ரிசல்ட் வரும்வரை மூன்று பேரும் எதிர்க்கடையில் டீ குடித்திருக்கிறார்கள். அவர்தான் வாங்கிக் கொடுத்தார். எந்த ஊருங்ணா என்றார்கள். சொன்னார். எந்தப் பக்கம் என்றார்கள். தோட்டத்தில் என்றார். அட, எங்க சின்ன மாமன் வீடுகூட அங்கதான் என்று ஒருவன் சந்தோஷமாகிவிட்டான். இனிமேல் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவரும் நினைத்திருக்கிறார்.

"அப்பறம் அந்தத் தம்பி சிரிச்சுட்டேதானுங்க கேட்டாரு. 'எந்தச் சாமிங்ணா கும்படறீங்க? கொலதெய்வம் எது?'ன்னு."

அதை நான் சொல்லித் தரவில்லை. ஊரும் தெருவும் சொல்லித் தந்தேன், குலதெய்வத்தை மறந்துவிட்டேன். எங்களில் யாரானாலும் முதலில் கேட்கிற கேள்வி அது. பெண் பார்க்க, இடம் வாங்க, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார. எனக்கு எப்படி மறந்தது?

"ஏதாவது ஒரு பேரச் சொல்லியிருக்கலாமேங்க. அண்ணமாரு, அங்காளம்மன்னு எதையாவது..."

"சொல்லியிருக்கலாமுங்க. ஊர மாத்திச் சொன்னேன், ஒண்ணும் தெரியல. பாப்பா அங்க படுத்துக் கெடக்குது, நான் அந்தச் சாமியத்தான ரெண்டு மாசமா கூப்புட்டுட்டு இருக்கேன்? அத மாத்திச் சொன்னா, அது கேட்டுட்டு இருந்தா என்னங்க பண்ணறது?" என்றார். "மதுரைவீரன்னு சொல்லிட்டனுங்க."

எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரே காலனி என்று சொல்லிவிடும். அவர்கள் ஒன்றும் திட்டவில்லையாம். டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். ஒருவன் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். திரும்பி வந்து, "அண்ணா, நாளைக்குக் காத்தால சபரிமலைக்கு மாலை போடறோம். விரதத்துல ரத்தம் குடுக்கக் கூடாதாம், மறந்துட்டோம்," என்றான். ரிசல்ட்டைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

ஐயப்பன் எந்த ரத்தத்தை வேண்டாம் என்றார்?

ராத்திரிச் சாப்பாட்டில் சபரி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கை கழுவும் இடத்தில் மட்டும், மெதுவாக: "என்னையே பொய் சொல்ல வெச்சுட்டீங்களே அண்ணி. பசங்க என்னைய என்ன நெனைப்பானுங்க?" அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொன்னான். அதற்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்.

நவம்பர் 19, புதன்

மிதுனுக்குத் தோசை. இஸ்திரிக்குத் துணி போட்டேன். பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குக் கேள்வித்தாள் கேட்டிருந்தார்கள், வீட்டிலிருந்தே தயாரித்து அனுப்பினேன். 'ரத்த வகைகளைக் கண்டறிந்தவர் யார்?' ஒரு மதிப்பெண்.

பூபதிக்கு ஓ பாசிட்டிவ்.

இதைத் திங்கட்கிழமையே எழுதியிருக்க வேண்டும். மேகலா போனில் 'ஓ பாசிட்டிவ்' என்றபோது அவர் என் எதிரில் உட்கார்ந்து தக்காளிச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணி அடிக்க மாட்டார். முப்பத்தாறு வயது. கோயம்புத்தூர் ஒன்றே முக்கால் மணி நேரம். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாரா? தெரியாது. "அவங்களுக்கு நாம எதுக்கு?" என்று கேட்டிருப்பார். அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் கேட்கவில்லை.

இன்று மூன்று முறை அவர் பக்கத்தில் போய் நின்றேன். மூன்றாவது முறை, "என்ன வேணும் உனக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க."

நாளைக்குக் கேட்கிறேன். காலையில் முதல் வேலை.

நவம்பர் 20, வியாழன்

ரித்திகா இன்று விடிகாலை போய்விட்டாள். மூளையில் ரத்தக்கசிவு.

டிசம்பர் 1, திங்கள்

மிதுனை ஊசிக்குக் கூட்டிப் போனேன். பக்கத்துக் கட்டிலில் வேறு ஒரு பையன்.

டாக்டர் பெனிட்டாவிடம் கேட்டேன். "ரித்திகாவுக்கு அந்தக் குரோமோசோம் அப்படி இருந்ததால எப்படியும்... இல்லைங்களா டாக்டர்?"

அவர் எழுதுவதை நிறுத்தினார். "என்ன கேட்கறீங்க தாரணி?"

"எப்படியும் பொழச்சிருக்க மாட்டாதானே?"

"அந்த வகைல பாதிப் புள்ளைங்களாவது போயிடறாங்க. உண்மைதான். ஆனா பாதி. அவ எந்தப் பாதின்னு பார்க்க நமக்கு வாய்ப்பே கிடைக்கல." பேனாவை மூடினார். "குரோமோசோமால நோய் பலமாச்சு. அதனால மருந்து பலமாச்சு. அதனால பிளேட்லெட் விழுந்துச்சு. அதுவரைக்கும்தான் குரோமோசோம். அதுக்கப்புறம் ஒரு ஆள் வந்து ஒரு மணி நேரம் படுத்திருக்கணும். அவ்வளவுதான். எல்லாத்தையும் குரோமோசோம் தலையில போடாதீங்க."

மிதுன் கேட்டான்: "ரித்தி எங்கம்மா?" வீட்டுக்குப் போயிட்டா என்றேன்.

டிசம்பர் 22, திங்கள்

ஆஸ்பத்திரி வாசலில் மேகலா. ஏதோ ரெக்கார்டு வாங்க வந்தாளாம். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். இதையும் எழுதிவிடுகிறேன்: தூணுக்குப் பின்னால் இரண்டு அடி போனேன். மிதுன் "மேகலாக்கா" என்று கத்திவிட்டான்.

வந்து அவனைத் தூக்கினாள். தலையைத் தடவினாள். முளைவிட்ட முடி அவள் உள்ளங்கையில் கூசியிருக்கும். அவனை இறக்கிவிட்டு, பையிலிருந்து அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். பளபளவென்று தேய்த்திருந்தாள். மாமாவின் பெயர் நன்றாகத் தெரிந்தது.

"பேரு வெட்டின பாத்திரமுங்க. எங்க வீட்ல இருக்கக் கூடாது. அன்னிக்கு நீங்க வெச்சுக்கன்னு சொன்னப்பவே எதுக்குன்னு எனக்குத் தெரியுமுங்க. புள்ளைங்க ஒண்ணா வெளையாடிட்டு இருந்துச்சுங்க, சரின்னு வாங்கி வெச்சேன்."

"மேகலா, நான் வேணும்னு..."

"நீங்க ரத்தம் வாங்கித் தரலன்னு நான் ஒண்ணும் சொல்லலீங்க. எத்தனையோ பேரு தரல. எம் புள்ளைக்கு நேரம் அப்பிடி." குரல் உயரவே இல்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தீவாளியன்னிக்கு உங்க பையனுக்கு யாரு குடுத்தாங்கன்னு உங்க மாமனாருகிட்டச் சொல்லுங்க. உங்க வாயால. வேற ஒண்ணும் வேண்டாம். எங்க வீட்டு மனுசன் தெனமும் எங்கிட்டக் கேக்கறாரு, 'நாம குடுத்தது அவங்க வீட்ல தெரியுமா புள்ள?'ன்னு. தெரியுமுன்னு பொய் சொல்லிட்டு இருக்கேன். பொய் சொல்ல நீங்கதானுங்களே பழக்கினீங்க."

"சொல்றேன்," என்றேன்.

"சொல்லிப்போட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க."

டப்பாவை என் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

குலதெய்வம் கோயிலில் மிதுனுக்காகக் கிடாய் வெட்டு. கூட்டத்தில் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமா கேட்கவில்லை. மொட்டை அடிக்க முடியே இல்லை, விரல்நுனியளவு பஞ்சு மாதிரி. நாசுவர் தண்ணீர் தொட்டுக் கத்தியின் பின்பக்கத்தால் ஒரு தீற்றல் தீற்றினார். "சாமி ஏத்துக்கும்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மிதுனும்.

எழுநூறு இலை. குரூப் பசங்க வரிசையாக நின்று பரிமாறினார்கள். அந்த ரெண்டு பேரும் இருந்தார்கள். மலைக்குப் போய்வந்து தாடி எடுத்துவிட்டார்கள், கறி பரிமாறினார்கள். ஒருவன் என் இலையில் ஈரலாகப் பார்த்து வைத்தான். "அண்ணி, இளைச்சுட்டீங்க, சாப்புடுங்க."

மாமியார் எப்போதோ அந்த டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். "தொலஞ்சதுன்ன?" "ஆஸ்பத்திரியில கெடச்சுதுங்கத்தை." இன்று அதில்தான் அதிரசம். மாமா கையை விட்டு எடுத்துத் தின்றுகொண்டே மைக்கைப் பிடித்தார்.

"டாக்டருங்களே ஆச்சரியப்பட்டுட்டாங்க. அம்பத்தஞ்சு குரோமோசோம்! ஊரு ஒலகத்துக்கெல்லாம் நாப்பத்தாறு. எம் பேரனுக்கு ஒம்பது ஜாஸ்தி. அதே வார்டுல வேற புள்ளைங்களும் இருந்துச்சுங்க. பொழைக்கல. ஏன்? ரத்தம். எம் பேரன் ஒடம்புல ஏறுனதெல்லாம் நம்ம பசங்க ரத்தம். ஒரு சொட்டு வெளி ரத்தம் கெடையாது!"

கை தட்டினார்கள். சபரி தலையைக் குனிந்துகொண்டான். பூபதி மிதுனைத் தோளில் தூக்கிக் காட்டினார்.

நான் எழுந்தேன். உண்மையாகவே எழுந்தேன். பக்கத்தில் இருந்த பெரியத்தை, "என்ன அம்மிணி, மோர் வேணுமா?" என்றார்.

மோர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கை கழுவப் போனபோது போன் அதிர்ந்தது. மேகலா. சபரி வைத்திருந்த ஸ்டேட்டஸைப் பார்த்திருக்க வேண்டும். இன்று விசேஷம் என்று அவளுக்கு வேறு எப்படித் தெரியும்?

"சொல்லிட்டீங்களாக்கா?"

திறந்து படித்துவிட்டேன். நான் படித்தது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஜனவரி 20, செவ்வாய்

ஸ்கூலுக்குத் திரும்பிப் போனேன். பத்தாம் வகுப்பு, மரபியல். போர்டில் நாற்பத்தாறு என்று எழுதினேன். பாதி அப்பா, பாதி அம்மா. ஒரு பெண் எழுந்து, "கூடக் கொறைய இருந்தா என்னாகும் மிஸ்?" என்றாள். அது சிலபஸில் இல்லை என்றேன்.

இடைவேளையில் போனை எடுத்தேன். பதில் போடாத அதே மெசேஜ்.

"சொல்லிட்டீங்களாக்கா?"

ஜனவரி 23, வெள்ளி

"அக்கா, சொல்லிட்டீங்களா?"